ஒரு ரின் பாணியும் குளக்கட்டில் ஓர் இடமும்

கடந்த சிறுபோகம் முடிந்து குளம் வற்றத் தொடங்கிய நாட்களில், ஒரு மாலைப்பொழுதில், எமது பணிமனை வாசலுக்கு இரண்டு தரப்பினர் வந்தனர். ஒரு தரப்பில் 13 வயதுப் பையன் ஒருவனும் அவனுடைய தாயாரும். மறு தரப்பில் குளத்து நன்னீர் மீன்பிடிச் சங்கத்தினர் மூவர். பையனின் கையில் இரண்டாக முறிக்கப்பட்ட தூண்டில் கம்பு. சங்கத்தினரின் கையில் ஒரு பழைய பால்மா ரின். அதன் அடியில் கறுப்பாக, தடிப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாதர், இதுக்குள்ள என்னவோ மருந்து கலந்து குளத்துக்குள்ள போடுறாங்கள். மீன் எல்லாம் கட்டுக்கரைக்கு வருகுது. நாங்கள் காசு குடுத்து விட்ட குஞ்சு, பாதர்" என்றார் சங்கத்தவரில் ஒருவர்.

ரின்னை வாங்கி மணந்து பார்த்தோம். மருந்தல்ல, மொலாசஸ். சீனி ஆலையில் கரும்புச் சாற்றிலிருந்து சீனியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகின்ற கறுத்தப் பாணி. மாட்டுத் தீவனம் விற்கும் கடையில் அரைப் போத்தல் வாங்கித் தவிட்டோடு பிசைந்து தூண்டிலுக்கு இரையாகக் கட்டியிருக்கிறான் பையன். மீதிப் பாணியைச் சங்கத்தினர் நிலத்தில் ஊற்றிவிட்டார்கள்.

தாயார் அதுவரை பேசாமல் நின்றார். பின்னர் ஒன்று கேட்டார்: "சுவாமி, காணிக்கு உறுதி இல்லையெண்டு எங்களைக் கட்டில இருத்தி வச்சிருக்கினம். குளத்துக்குள்ள கிடக்கிற மீனுக்கு ஆர் உறுதி வச்சிருக்கினம்?"

அன்று நாம் அதற்குப் பதில் சொல்லவில்லை. இரு பகுதியினருக்கும் தேநீர் கொடுத்து, கம்புக்குரிய காசைச் சங்கம் கொடுப்பதாகவும், சங்கத்தின் பொதுக்கூட்டம் வரை பையன் குளத்துக்குப் போகாமல் இருப்பதாகவும் ஒரு தற்காலிக இணக்கத்தை ஏற்படுத்தி அனுப்பிவைத்தோம். ஆனால் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. இந்த இதழில் எமக்குத் தரப்பட்ட பக்கங்களை அதற்காகவே பயன்படுத்துகிறோம். இடம்பெயர்ந்து வந்து குளக்கட்டிலும் ஒதுக்குக் காணியிலும் குடியிருக்கும் குடும்பங்கள் இரண்டு பிடி தவிட்டையும் இரண்டு கரண்டி பாணியையும் கொண்டு ஒரு நேரக் கறிக்கு மீன் பிடிப்பதை எந்தச் சங்கமும் தடுக்கக்கூடாது என்பதே எமது கருத்து. அதோடு, அப்படிப் பிடிப்பவர்களும் சில கட்டுப்பாடுகளைத் தாமாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறோம். இந்த இரண்டாவது பகுதியைக் கேட்டு உங்களில் சிலர் எம்மோடு கோபிக்கலாம். கோபித்தாலும் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

முதலில் அந்த ரின்னுக்குள் இருந்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மருந்து, வசியம், பொல்லாப்பு என்று ஊரில் பல கதைகள் பரவிவிட்டன.

ஒரு தொன் கரும்பை ஆலையில் பிழிந்து சீனி எடுத்தால் ஏறக்குறைய 40 கிலோ அளவில் இந்தப் பாணி மிஞ்சும். இதிலும் பாதியளவு இனிப்புத்தான்; ஆனால் அது இனிச் சீனியாகக் கட்டுப்படாது. அதனால்தான் மலிவு. தண்ணீரைவிடப் பாரமானது: ஒரு லீற்றர் பாணி 1.4 கிலோ அளவில் நிறுக்கும். தண்ணீரில் விட்டால் மிதக்காமல் அடிக்குப் போய், அங்கேயிருந்து மெதுவாகக் கரையும். எமது பகுதியில் முன்பு கந்தளாய் ஆலையிலிருந்து இது வந்தது. 1960 இல் தொடங்கிய அந்த ஆலை 1990களில் மூடப்பட்டது. இன்று செவனகல, பெல்வத்தை, ஹிங்குராணை ஆகிய இடங்களின் பாணியில் பெரும்பகுதி சாராயத்துக்கான மதுசாரம் வடிக்கவே போகிறது. 2020 தை மாதம் முதல் வெளிநாட்டு மதுசாரம் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்ட பின்னர் வடிசாலைகளுக்கு இதன் தேவை இன்னும் கூடிவிட்டது. மாட்டுக்கும் மீனுக்கும் என்று கடைக்கு வருவது அதில் சிந்தியது சிதறியது மாதிரித்தான்.

இனிப்பு வைத்துக் கெண்டை பிடிப்பது அந்தப் பையன் கண்டுபிடித்த வித்தையுமல்ல. இங்கிலாந்தில் ஐசாக் வோல்ட்டன் என்பவர் 1653 இல் வெளியிட்ட தூண்டில் நூலில், கெண்டைக்குத் தேனோ சீனியோ சேர்த்த இனிப்பு மாவை இரையாக்கலாம் என்று எழுதினார். தேன் வாங்க வசதியில்லாதவர்கள் பின்னாளில் அதன் இடத்தில் மொலாசஸை விட்டார்கள். வங்காளத்தில் றோகு, கட்லா பிடிக்கிறவர்களும் வெல்லப் பாணியைத் தவிட்டோடும் பிண்ணாக்கோடும் புளிக்க வைத்துக் குளத்தில் போடுகிறார்கள். இப்போது ஐரோப்பியக் கடைகளில் கெண்டைக்கென்றே வண்ணப் போத்தல்களில் வாசனைத் திரவங்கள் விற்கப்படுகின்றன. அவற்றைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. 1952 இல் றிச்சர்ட் வோக்கர் என்பவர் றெட்மயர் என்ற சிறு குளத்தில் 44 இறாத்தல் நிறையுள்ள கெண்டையைப் பிடித்தார். அந்த நாட்டில் அது நீண்டகாலம் சாதனையாக இருந்தது. அவர் முள்ளில் குத்தியிருந்தது வெறும் பாண்.

மீன் ஏன் வருகிறது? சாதாரண கெண்டையின் வாயோரத்தில் மீசை போன்ற நான்கு இழைகள் உண்டு. அவற்றிலும் உதட்டிலும் சுவை அறியும் உறுப்புகள் இருக்கின்றன. கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பாமல் இவற்றால் தடவித்தான் அது அடிச்சேற்றைக் கிளறி உண்கிறது. அதற்கு இரைப்பை கிடையாது. ஆகவே ஒரே தடவையில் வயிறு நிரப்பிக்கொண்டு படுத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். அடியில் கரைந்து பரவும் பாணியின் சுவையும், புளிக்கத் தொடங்கிய தவிட்டின் வாசனையும் அந்த மேய்ச்சலை ஓரிடத்துக்கு இழுக்கின்றன. மிரிகாலும் அடியில் மேய்வது. றோகு நடுத் தண்ணீரில் திரியும். இரைக்கு இறங்கி வரும். கட்லா மேல் தண்ணீரில் வாயைத் திறந்துகொண்டு நுண்ணுயிர்களை வடித்து உண்பதால் இந்த உருண்டைக்கு அவ்வளவாக அகப்படாது. யப்பான் மீன் என்று நாம் சொல்லும் திலாப்பியா கேட்டுக் கேள்வியின்றி வந்து கடிக்கும்.

எமது பங்கிலுள்ள ஒரு முதிய தாயார் செய்யும் முறையை இங்கு தருகிறோம். இவர் 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, அதன் பிறகும் பல தடவை இடம்பெயர்ந்தவர். அரிசித் தவிடு 4 சுண்டு எடுத்து மணம் வரும்வரை வெறுஞ்சட்டியில் வறுக்க வேண்டும். ஆறியபின் கோதுமை மா ஒரு சுண்டு சேர்க்க வேண்டும். மா விலைப்பட்ட நாட்களில் ஒடியல் மா போதும். அது இன்னும் இறுகப் பிடிக்கிறது என்பது அவரது கட்சி. பாணி இரண்டு மேசைக்கரண்டி, அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாக விட்டு உரொட்டி மாவைவிட இறுக்கமாகப் பிசைய வேண்டும். பாணியை நேரே மாவில் ஊற்றினால் ஒரு பக்கம் களியாகவும் மறுபக்கம் தூளாகவும் நிற்கும். பிசைந்ததை ஈரத் துணியால் மூடி ஓரிரவு வைக்க வேண்டும். காலையில் நெல்லிக்காய்ப் பருமனில் ஓர் உருண்டையைக் கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் உடையாமல் நின்று ஓரம் மட்டும் கரைந்தால் பதம். உடனே உதிர்ந்தால் பாணி கூடிவிட்டது. "இனிப்புக் கூடினா மீனு கூடும்னு நினைக்கிறாங்க சுவாமி. உருண்டை முள்ளுல நிக்காட்டி மீனு தின்னுட்டுப் போயிடும்" என்று அவர் சொல்வார். பூஞ்சணம் பிடித்த தவிட்டைப் பாவிக்கவே வேண்டாம். அது மீனுக்கும் ஆகாது, அந்த மீனை உண்ணும் பிள்ளைக்கும் ஆகாது.

பாணி கிடைக்காத இடத்தில் பனங்கட்டி காய்ச்சுகிறவர்களிடம் தாச்சியில் அடிப்பிடித்த பாணியைக் கேட்டு வாங்கலாம். அதுவும் இதே வேலையைச் செய்யும். நல்ல பனங்கட்டியை வாங்கி மீனுக்குக் கரைப்பதை மட்டும் நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம்.

இவ்வளவு சின்ன விடயத்துக்கு ஏன் இத்தனை வரிகள் என்று கேட்கலாம். அபிவிருத்திக் கூட்டங்களில் தூண்டில் என்ற சொல்லே வருவதில்லை. வலை, வள்ளம், குளிரூட்டி, கூட்டு மீன்வளர்ப்பு என்றுதான் திட்டங்கள் எழுதப்படுகின்றன. நாமும் அப்படி எழுதியிருக்கிறோம். ஆனால் கையில் ஒன்றுமில்லாத குடும்பத்துக்கு வலை எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். முதலாளி கொடுக்கிறார். வலையோடு ஐஸும் கொடுக்கிறார், வீட்டில் காய்ச்சல் என்றால் கைமாற்றும் கொடுக்கிறார். பிறகு பிடிக்கும் மீனெல்லாம் அவர் சொல்லும் விலைக்கு அவருடைய தராசில்தான் ஏற வேண்டும். வலை கிழிந்து போனாலும் கடன் கிழிவதில்லை. மாரியில் கட்டையில் மாட்டி ஒரே இரவில் வலையை இழந்து, அதற்கு இரண்டு வருடம் மீன் கொடுத்துத் தீர்த்த ஒருவரை நாம் அறிவோம். தூண்டிலில் இழப்பதென்றால் ஒரு முள்ளும் இரண்டு பாகத் தங்கூசியும்தான்.

இன்னொன்றும் உண்டு. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் என்று அறிக்கைகளில் எழுதப்படும் எமது சகோதரிகள் இரவில் வள்ளத்தில் ஏறி வலை படுக்கப் போக முடியாது. பகலில் குளக்கட்டுக் கல்லில் இருந்து, கைப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூண்டில் போட முடியும். 2022 இல் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் இல்லாமல், பருப்பு விலை எட்டாமல் நாடே தவித்த மாதங்களில், குளக்கட்டில் இருந்த எத்தனையோ அடுப்புகளில் கறி வெந்தது இந்தத் தூண்டிலால்தான். அதை எந்தப் புள்ளிவிபரத்திலும் நீங்கள் காணமாட்டீர்கள்.

எமது பக்கத்துப் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த முறை நன்றாக வேலைசெய்கிறது என்று கண்டதும், ஆர்வக் கோளாறால், மாட்டுத் தீவன வியாபாரி ஒருவரிடம் ஒரு பரல் பாணியை மொத்தமாக வாங்கி மண்டபத்தின் பின்னறையில் வைத்தோம். கேட்டு வருகிறவர்களுக்குப் போத்தல் கணக்கில் கொடுத்தோம். மூன்று கிழமையில் பரல் பாதியாகிவிட்டது. குளத்தில் தூண்டில்கள் கூடவில்லை. பிறகுதான் தெரியவந்தது, எமது பாணியில் ஒரு பகுதி பற்றைக்குள் கசிப்புக் காய்ச்சப் போயிருக்கிறது! திருச்சபையின் பாணியில் வடித்த கசிப்பு என்று ஊரில் எம்மைக் கேலி செய்ததை நாம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. கசிப்பால் சீரழிந்த வீடுகளுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்களும் நாம்தான் என்பதால் அது வெறும் கேலியாக முடியவில்லை. இப்போது எமது மாதர் குழுவினர் பாணியைத் தவிட்டோடும் ஒரு பிடி உப்போடும் கலந்துதான் கொடுக்கிறார்கள். உப்புத் தவிட்டைத் தேடிக் கசிப்புக்காரர் வருவதில்லை. உங்கள் கிராமத்தில் இப்படியொரு முயற்சி தொடங்குவதானால் முதல் நாளிலிருந்தே கலந்து கொடுங்கள்.

இனி, சங்கத்தினரின் பக்கம். அவர்களைக் கொடியவர்கள் என்று எழுதுவது எளிது, அது நியாயமாகாது. றோகு, கட்லா, மிரிகால் ஆகிய இந்தியக் கெண்டைகள் எமது குளங்களில் தாமாக இனம் பெருக்குவதில்லை. அவற்றுக்கு ஓடும் ஆற்றுவெள்ளம் வேண்டும். பொரிப்பு நிலையத்தில் ஊசி ஏற்றிச் சினைப்படுத்தி, குஞ்சு வளர்த்து, கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. 1990 இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்த ஆதரவையே நிறுத்திவிட்டது. 1994 இல் மீண்டும் தொடங்கும்வரை குளங்களைத் தாங்கியது பெரும்பாலும் திலாப்பியாதான். பின்னர் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த நக்டா அதிகாரசபை குஞ்சு விடுவதை மீளவும் பரப்பியது. யுத்தத்தின் பின் எமது பகுதிக் குளங்களில் சங்கங்களைக் கட்டி, சந்தா சேர்த்து, குஞ்சுக்குப் பங்குப் பணம் கொடுத்து, இரவில் காவலிருந்து இந்த மீனை வளர்த்தவர்கள் இந்தச் சங்கத்தினரே. அவர்களிலும் பலர் மூன்று நான்கு தரம் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள். வெளியிலிருந்து வந்து தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையால் இரவோடு இரவாக வாரிச் சென்றவர்களால் அவர்கள் பட்ட நட்டத்தையும் நாம் அறிவோம். அந்தச் சூட்டில்தான் பையனின் கம்பு முறிந்தது.

ஆனால் சங்கத்தில் சேருவது யாருக்கு முடியும்? பெரும்பாலான குளங்களில் குளத்தின் கீழ் வயல் உள்ளவர் கமக்காரர் அமைப்பில் இருக்கிறார். அவருடைய மகனோ மருமகனோ மீன்பிடிச் சங்கத்தில் இருக்கிறார். வயல் இல்லாதவருக்கு, நிரந்தர முகவரி இல்லாதவருக்கு, கிராம அலுவலர் பிரிவில் பதிவு வேறெங்கோ கிடக்கிறவருக்குப் படிவமே கொடுப்பதில்லை. சொந்தக் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதாலோ, மலையகத்திலிருந்து வந்து எந்நாளும் காணியே கிடைக்காததாலோ, இன்றும் பிறர் நிலத்தில் இருப்பவர்கள் எம்மிடையே உண்டு. வயல் இல்லாததால் குளத்துத் தண்ணீரில் பங்கில்லை. தண்ணீரில் பங்கில்லாததால் மீனிலும் பங்கில்லை என்றாகிவிடுகிறது. தாயார் கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் வயலுடையவனுக்கு ஒரு கட்டளை கொடுக்கிறது. அறுவடையின்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்கவேண்டாம். சிந்திய கதிரைப் பொறுக்கவேண்டாம். அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. ரூத் என்ற மோவாபியப் பெண் அப்படிப் பொறுக்கித்தான் தன் மாமியாருக்குச் சோறு போட்டாள். வயல் போவாசுடையது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஓரத்துக் கதிர் அவனுடைய தருமமன்று, ரூத்துக்குரிய உரிமை. எமது சொந்த வழக்கத்திலும் சூடடித்த களத்தில் பொறுக்குகிறவர்களை விரட்டுவது பாவம் என்றுதான் எமது பாட்டன்மார் நினைத்தார்கள். 1967 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலும், தனியுடைமை என்பது எவருக்கும் நிபந்தனையற்ற உரிமையல்ல என்கிறது. குளத்து மீனில் இந்த ஓரத்துக் கதிர் எது? வலைக்காரர் நடுக்குளத்தில் வலை படுக்கிறார். கட்டுக் கல்லில் இருந்து எட்டக்கூடிய அந்த ஓரத் தண்ணீர்தான் குளத்தின் ஓரத்துக் கதிர் என்று நாம் சொல்கிறோம்.

கூட்டத்தில் இதை வாதிட்டபோது ஒருவர் எழுந்து, பேதுருவும் யோவானும் வலைக்காரர்கள், வேதாகமத்தில் தூண்டில் இல்லை என்றார். உண்டு. மத்தேயு 17 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேதுருவைக் கடலுக்கு அனுப்பித் தூண்டில் போடச் சொல்கிறார். அதுவும் ஆலய வரி கட்டக் காசில்லாத நேரத்தில்! அவரும் சிரித்துவிட்டார், நாமும் சிரித்துவிட்டோம்.

ஆகவே சங்கங்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. ஓர் ஆளுக்கு ஒரு கம்பு, ஒரு முள். கட்டிலிருந்து மட்டும், வள்ளத்திலோ இறங்கி நின்றோ அல்ல. துருசடியிலும் வான் பக்கத்திலும் வேண்டாம். பிடித்தது வீட்டுக் கறிக்கு, விற்பதற்கல்ல. புதுக் குஞ்சு விட்டு இரண்டு மாதங்களுக்குத் தூண்டிலே வேண்டாம்; அதன் பிறகும் உள்ளங்கையை விடச் சிறிய கெண்டை அகப்பட்டால் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதிக் குளக்கட்டில் தொங்கவிட்டால் யார் தூண்டில்காரர், யார் களவு வலைக்காரர் என்பது சங்கத்துக்கே தெளிவாகும். பகல் முழுவதும் கட்டில் கண் வைத்திருக்கும் பத்துத் தூண்டில்காரரைவிட நல்ல காவல் எந்தச் சங்கத்துக்குக் கிடைக்கும்?

இப்போது தூண்டில் போடும் எமது உறவுகளுக்கு. நீங்கள் எல்லோரும் அந்தப் பையனைப்போல ஒரு கம்போடு போவதில்லை என்பது எமக்குத் தெரியும். ஒரே தங்கூசியில் 30 முள் கட்டி இரவில் போட்டுவிட்டு வருபவர் இருக்கிறார். அது தூண்டிலல்ல, வலையின் தம்பி. கெண்டையை ஓரிடத்துக்குப் பழக்குவதற்காக அரை மூடைத் தவிட்டைப் பாணியில் குழைத்து ஒரே இடத்தில் கொட்டியவரும் இருக்கிறார். இனிப்பும் தவிடும் தண்ணீருக்குள் அழுகும்போது கிருமிகள் பெருகித் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடும். மாரியில் நிறைந்த பெருங்குளத்துக்கு அது பொருட்டல்ல. ஆவணி, புரட்டாதியில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் சின்னக் குளத்தில் பத்துப் பேர் அப்படிச் செய்தால் விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அந்தத் தண்ணீரில்தான் நீங்கள் குளிக்கிறீர்கள், உங்கள் மாடும் குடிக்கிறது. ஒரு பிடி போதும். ஒரு பிடிக்கு வராத மீன் ஒரு மூடைக்கும் வராது. அத்துடன் முதலை இல்லாத குளம் எமது பகுதியில் குறைவு. மீன் கூடும் இடத்துக்கு அதுவும் வரும். இரை போடும் இடத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். மீன் கழுவிய கழிவையும் அங்கே வீசாதீர்கள்.

ஒரு பயம் எமக்கு இருக்கிறது; அதையும் எழுதிவைக்கிறோம். தூண்டிலால் கறி கிடைக்கிறது, குளக்கட்டிலேயே சமாளிக்கிறார்கள் என்று அதிகாரிகள் இதையே காரணம் காட்டி உங்கள் காணிப் பிரச்சினையை இன்னொரு மேசைக்குத் தள்ளிவிடக்கூடும். அப்படி ஒருவர் எம்மிடமே பேசினார். "இவங்களுக்கு இப்ப ஒரு வருமானம் இருக்குத்தானே பாதர்?" என்றார். இல்லை. ஒரு நேரக் கறி வருமானமல்ல. நீங்கள் கமக்காரர். உங்களுக்கு வேண்டியது நெல் விதைக்க நிலமும், அந்த நிலத்துக்கு உங்கள் பெயரில் உறுதியும், அந்த உறுதியோடு குளத்துத் தண்ணீரில் பங்கும். காணிக் கச்சேரிக்கு அழைப்பு வந்தால் அன்றைக்குத் தூண்டிலை வைத்துவிட்டுப் போங்கள். பழைய பதிவுத் துண்டு, பங்கீட்டு அட்டை, முகாமில் தந்த கடிதம் என எது இருந்தாலும் பொலித்தீனில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். படிவம் நிரப்ப ஆள் இல்லாதவர்கள் எமது பணிமனைக்கு வரலாம்.

சங்கத்தின் பொதுக்கூட்டம் மாரி தொடங்குமுன் நடக்கவிருக்கிறது. மேலே சொன்ன ஒழுங்குகளை ஒரு கடிதமாக எழுதித் தலைவரிடம் கொடுத்திருக்கிறோம். நிகழ்ச்சி நிரலில் நான்காவதாகச் சேர்த்திருக்கிறார். தூண்டில் போடுகிறவர்கள் சார்பில் அந்தப் பையனின் தாயார் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கத்தவர் அல்லாதவர் பேசலாமா என்று சங்கத்துக்குள் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. இருந்து கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லலாம் என்று இப்போதைக்கு இணங்கியிருக்கிறார்கள். கம்புக்குரிய காசைச் சங்கம் கொடுத்துவிட்டது. பாணிக்கு இன்னும் கொடுக்கவில்லை.